வட்டமாய் நின்ற ஐந்து

அச்சுக்கோப்பாளனாகத் தொடங்கி, பின்னர் கணனியின் முன்னே அமர்ந்து அதே தொழிலை விசைப்பலகையால் நடத்தி, இப்போது கண் மங்கிய காரணத்தால் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கின்ற நான், என் தொழிற்காலம் முழுவதிலும் எழுத்துப் பிழைக்கு அஞ்சியதிலும் பார்க்க இலக்கப் பிழைக்கே அதிகம் அஞ்சினேன் என்று சொன்னால், அச்சுக்கூடத்து மசிவாசனை அறியாதவர்கள் அதை நம்பமாட்டார்கள். 'திருமணம்' என்பது 'திருமனம்' என்று விழுந்துவிட்டால், வாசிப்பவர் சிரித்துவிட்டோ சினந்துவிட்டோ தாமே அதைத் திருத்தி வாசித்துக்கொள்வர். பக்கத்திலே நிற்கும் சொற்களும் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் 15 நிற்கவேண்டிய ஸ்தானத்திலே 10 நின்றால், அது பிழையென்று சந்தேகிப்பதற்கு ஒருவருக்கும் நியாயமில்லை. சரியான இலக்கத்துக்கு உள்ள முகமே பிழையான இலக்கத்துக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பத்தை நான் என் கையாலேயே, அதுவும் எனக்கு வாசிக்கத் தெரியாத வடிவத்திலே, முந்நூறு கலியாண அழைப்பிதழ்களில் அச்சிட்டுக் கொடுத்தேன்.

நான் தொழிலுக்குச் சேர்ந்தது 1974 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளிலே நேர்ந்த துயரத்தைப் பற்றிய பேச்சு ஊரில் இன்னும் ஓயாதிருந்த காலம். அச்சகம் வண்ணார்பண்ணையில் இருந்தது. ஆறுமுக நாவலர் 1849 இல் வித்தியானுபாலன யந்திரசாலையைத் தாபித்ததும் அதே வண்ணார்பண்ணையில்தான் என்பதை எங்கள் முதலாளி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லுவார். நாவலருடைய யந்திரத்துக்கும் எங்கள் யந்திரத்துக்கும் ஊர்ப்பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லையென்பதை அவர் சொல்லுவதில்லை. எங்களுடையது காலால் மிதித்து ஓட்டும் சிறிய யந்திரம். அழைப்பிதழ், கல்வெட்டு, கோயில் நோட்டீஸ், பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆகிய இவைதாம் அதற்குத் தீனி.

அங்கிருந்து நடக்கும் தூரத்திலே முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெரு; ஆதலால் எங்களுக்கு இருவகைக் கலியாண அழைப்பிதழ்கள் வருவதுண்டு. சைவருடைய அழைப்பிதழின் தலையிலே பிள்ளையார் சுழியாக ஓர் உகரம். முஸ்லிம்களுடைய அழைப்பிதழின் தலையிலே 786. அரபு எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டென்பதும், 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கும் திருவாசகத்தின் எழுத்துக்களைக் கூட்டினால் அத்தொகை வருமென்பதும், கால்பட்டுக் கிடக்கக்கூடிய கடதாசியிலே அவ்வாசகத்தை அப்படியே அச்சிட மனமில்லாதவர்கள் எண்ணை மாத்திரம் இடுவரென்பதும் எனக்குப் பின்னர் தெரிந்தவை. அவ்வழக்கத்தை ஏற்காத ஆலிம்களும் உளர் என்பதும் அவ்வாறே. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் எழுத்துப் பெட்டியிலே தமிழ் இலக்கங்களுக்குத் தனி வார்ப்பு இல்லாமையால், இரண்டு என்னும் தமிழ் இலக்கம் வேண்டுமானால் உகரத்தையும் எட்டு வேண்டுமானால் அகரத்தையும் எடுத்துக் கோப்போம் என்பதுதான். பிள்ளையார் சுழியை எடுத்த அதே குழியிலிருந்து இரண்டையும் எடுத்தவனுக்கு, எழுத்தே எண்ணாய் நிற்பது ஒரு புதுமையாகத் தோன்றவில்லை.

அந்தக் காலத்திலே அரபு எழுத்து எங்களிடம் இருந்ததில்லை. வேண்டியவர்கள் கொழும்பிலே 'புளொக்' செய்வித்துக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதைத் தமிழ் எழுத்துக்களுக்கு மேலே வைத்து இறுக்கி அடித்துவிடுவோம். தலைகீழாய் இறுக்கிவிடாதபடி, புளொக்கின் அடிமரத்திலே பென்சிலால் ஓர் அம்புக்குறி இட்டுக்கொள்வேன். அரபியோடு எனக்கு இருந்த சகவாசம் அந்த அம்புக்குறியளவே.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் தேதி, விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, சில மணித்தியால அவகாசத்திலே, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் யாவரும் ஊரைவிட்டுப் போனார்கள். பெரும்பாலோர் புத்தளம் சென்று சேர்ந்தார்கள். சரியாக ஐந்து வருஷங்கள் கழிந்து, 1995 ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30 இல், யுத்தத்துக்கு அஞ்சி வலிகாமத்து மக்களாகிய நாங்கள் எல்லோரும் மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்தோம். இந்த இரு தேதிகளையும் கலண்டரிலே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு; அதைப் பற்றி ஊரிலே பேசுவோர் குறைவு. இடைப்பட்ட ஐந்து வருஷங்களிலும் மின்சாரம் இல்லை, அச்சுக் கடதாசி இல்லை. பாடசாலைக் கொப்பித் தாளிலே பத்திரிகைகள் வெளிவந்தன. காலால் மிதிக்கும் எங்கள் யந்திரத்துக்கு மாத்திரம் மின்சாரம் வேண்டியிருக்கவில்லை. 786 என்னும் இலக்கத்தைக் கோக்கும்படி பன்னிரண்டு வருஷங்களாக எவரும் வந்து கேட்கவுமில்லை.

இடப்பெயர்வு முடிந்து திரும்பியபின் அச்சகத்துக்குக் கணனி வந்தது. பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கரும் எங்கள் புதிய எழுத்துப் பெட்டிகளாயின. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் மேலே தமிழ் முகமூடியை மாட்டிய உருவாகையால், இலக்கங்கள் மாத்திரம் மாறாமல் தத்தம் இடத்திலேயே இருந்தன. அந்நாளிலே கணனியில் இலக்கம் அடிப்பதைப் போல் எளிய வேலை வேறில்லை. 2002 இலே ஏ-9 வீதி திறந்தது. அடுத்த வருஷம், வெள்ளைத் தொப்பியும் கறுத்தக் குடையுமாக, முன்பு எங்களிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிப்பித்த ஹாஜியார் ஒருவர் புத்தளத்திலிருந்து வந்து வாசலிலே நின்றார்.

"தம்பி, மகளுக்கு நிக்காஹ். கலியாணம் புத்தளத்திலதான். ஆனா காட்டை யாழ்ப்பாணத்திலதான் அடிக்கோணும்" என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் அரபுமாக வேண்டுமென்றார். புளொக் செய்வதற்குக் கொழும்பு போகவேண்டியதில்லை, எல்லாம் கணனியிலேயே செய்யலாமென்று நான் சொன்னதிலே சிறிது கர்வம் இருந்தது. அன்றுவரை நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

விண்டோஸ் எக்ஸ்பியிலே, பிரதேசமும் மொழியும் என்னும் பகுதியைத் திறந்தால், சிக்கலான எழுத்துக்களுக்கும் வலமிருந்து இடமாக ஓடும் மொழிகளுக்கும் உரிய கோப்புக்களை நிறுவுக என்று ஒரு சிறு சதுரம் இருக்கும். அதிலே சரிக்குறி இட்டதும் கணனி மூல சீடியைக் கேட்கும். கொடுத்தால் சில நிமிஷம் முனகிவிட்டு மறுபடி தொடக்கச் சொல்லும். அந்த ஒரே சரிக்குறியாலே இரண்டு காரியங்கள் ஆயின. அரபு எழுத்துக்கள் ஒன்றையொன்று கைபிடித்து வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கின. அதே கணத்திலே, யூனிக்கோட் தமிழில் எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னாலே தொங்கிக்கொண்டு நில்லாமல் முன்னாலே வந்து ஒழுங்காக நின்றது. தமிழும் அரபியும் கணனிக்கு ஒரே வகுப்புப் பிள்ளைகள், இரண்டும் 'சிக்கலானவை' என்று ஒரே பெஞ்சிலே இருத்தப்பட்டவை என்பதை நான் அறிந்துகொண்டது அன்றுதான்.

அரபு வாசகத்தை அடிப்பதற்கு ஒரு மௌலவி மாலையிலே வந்து என் பக்கத்திலே அமர்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். இலக்கங்கள் வந்தபோது தடை நேர்ந்தது. நான் 1424 என்று அடித்தால் 1424 என்றே தெரிந்தது. அரபு எழுத்துக்களோடு அரபு இலக்கம் வேண்டுமென்றார் மௌலவி. வேர்ட் செயலியின் விருப்பங்களிலே இலக்கம் என்றொரு தெரிவு இருப்பதைக் கண்டுபிடித்தேன்; அரபு மொழியை அனுமதித்த பின்னரே அது கண்ணிற்படும். திறந்தால் 'அரபிக்' என்று ஒன்று, 'ஹிந்தி' என்று ஒன்று, சூழலுக்கேற்ப என்று ஒன்று. அரபு வேண்டியவன் எதைத் தெரிவான்? 'அரபிக்' என்பதைத் தெரிந்தேன். ஒன்றும் மாறவில்லை. மூன்று தரம் தெரிந்தேன். கணனியை அணைத்து எழுப்பினேன். 1424 அசையாமல் நின்றது. "அந்த மற்றதையும் ஒருக்கால் அமத்திப் பாருங்கோ" என்றார் மௌலவி. 'ஹிந்தி' என்பதை அமத்தினேன். உடனே இலக்கங்கள் யாவும் அரபு வடிவம் பெற்றன.

இவ்விசித்திரத்தின் காரணத்தை மௌலவியே சொன்னார். ஒன்பது இலக்கங்களும் பூச்சியமும் பாரதத்திலே பிறந்து அரபு நாட்டுக்குச் சென்றவை; ஒன்பதாம் நூற்றாண்டிலே பக்தாத் நகரத்து அல்-குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறையைப் பற்றி நூல் செய்தார்; அதனால் அரபியர் தாங்கள் எழுதும் வடிவங்களை இன்றும் இந்திய இலக்கங்கள் என்கிறார்கள். வட ஆபிரிக்காவிலே சிறிது வேறுபட்டு வளர்ந்த வடிவங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. இத்தாலியனாகிய ஃபிபொனாச்சி 1202 இலே எழுதிய கணித நூல் அவற்றைப் பரப்பியது. ஐரோப்பியர் அவற்றை அரபு இலக்கங்கள் என்றார்கள். கணனிக்காரன் இரு சாராருடைய பேச்சையும் அப்படியே எழுதி வைத்துவிட்டான். ஆகவே 'அரபிக்' என்றால் நாம் யாவரும் எழுதுகின்ற 1, 2, 3. 'ஹிந்தி' என்றால் அரபியர் எழுதுகின்றவை. உண்மையான ஹிந்தி மொழியின் இலக்கங்களோ அந்தப் பட்டியலிலே இல்லவேயில்லை. இந்திய அரசியலமைப்பின் 343 ஆம் உறுப்புரையோ நாம் எழுதும் 1, 2, 3 ஐ இந்திய இலக்கங்களின் சர்வதேச வடிவம் என்கிறது. இதிலே ஆச்சரியப்படுவதற்கு யாழ்ப்பாணத்தவனுக்கு உரிமையில்லை. எங்கள் வளவிலே காய்த்து எங்கள் வெயிலிலே கனிந்த மாம்பழத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கறுத்தக் கொழும்பான் என்று விற்பவர்கள் நாங்கள்.

எல்லாம் அமைந்தும், அன்று மாலை தேதி மாத்திரம் அடிபடாமல் நின்றது. மண்டபம் நிச்சயமாகவில்லை; அன்றியும், ஹிஜ்ரி மாதம் பிறை கண்டே பிறப்பதாகையால், கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலே தீர்மானம் ஆகும்வரை நாளை உறுதியாய்ச் சொல்ல இயலாது என்றார்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்று விரத நாளுக்கு விரத நாள் வழக்காடுகின்ற ஊரிலே பிறந்த எனக்கு அது நன்றாகவே விளங்கியது. ஒரு கிழமை கழித்துப் புத்தளத்து பஸ்ஸிலே ஒரு துண்டுக் கடதாசி வந்தது. தமிழ்ப் பக்கத்துக்குரிய செப்டெம்பர் மாதத்துத் தேதியை ஹாஜியார் தமிழிலேயே எழுதியிருந்தார். அரபுப் பக்கத்துக்குரியதை அரபிலே, மாதப் பெயரின் பக்கத்தில், நீல மையால் இட்டிருந்தார்: ஒரு நெட்டைக் கோடு, அதன் பின்னே ஒரு சிறு வட்டம்.

றஜப் மாதப் பெயரை மௌலவி முன்பே அடித்து வைத்திருந்தார். வருஷத்தை நான் சுவரிலே தொங்கிய கலண்டரைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். நாளையும் அதே கலண்டரிலே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. கோடும் வட்டமும் பத்தல்லாமல் வேறென்ன? பத்து என்று அடித்தேன். கணனி 'ஹிந்தி' வேஷத்திலே ஒரு கோடும், அதன் பக்கத்திலே ஒரு புள்ளியும் காட்டியது. ஹாஜியாருடைய கடதாசியிலே வட்டம், திரையிலே புள்ளி. இந்த வேற்றுமை என் கண்ணிற் படாமலில்லை. ஆனால் நான் பல வருஷம் ஈய எழுத்தோடு புழங்கியவன். தேய்ந்த பூச்சியத்தின் வயிற்றிலே மசி அடைத்துக்கொண்டால் அது கடதாசியிலே கரும்புள்ளியாகவே விழும் என்பது என் அநுபவ ஞானம். அரபு எழுத்துரு செய்தவன் பூச்சியத்தைச் சற்றுச் சிறிதாக வார்த்துவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புறூவைத் தொலைபேசியிலே தமிழ்ப் பக்கம் மாத்திரம் வாசித்துக் காட்டி அனுமதி வாங்கி, முந்நூறையும் அடித்து அடுக்கிவிட்டேன்.

ஹாஜியார் வந்து முதற் காட்டை எடுத்தார். தமிழ்ப் பக்கத்தை வாசித்து முகம் மலர்ந்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"தம்பி, இது பத்தெல்லோ. நான் எழுதினது பதினைஞ்சு."

நான் துண்டுக் கடதாசியைத் தேடி எடுத்து வட்டத்தைக் காட்டினேன். "ஹாஜியார், வட்டமெண்டால் பூச்சியம்தானே?"

"உங்களுக்கு வட்டம் பூச்சியம். எங்கட எழுத்தில வட்டம் அஞ்சு. பூச்சியத்துக்கு ஒரு புள்ளி காணும். ஒண்டுமில்லாததுக்கு ஏன் தம்பி இவ்வளவு பெரிய வட்டம்?"

அவர் சினந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். தமிழ்ப் பக்கத்திலே ஒரு நாளும் அரபுப் பக்கத்திலே அதற்கு ஐந்து நாள் முந்திய நாளுமாக இரண்டு கலியாணத்துக்கு அழைக்கும் அந்தக் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் வெறுமையான உட்புறத்திலே பேனையை எடுத்துப் பத்து இலக்கங்களையும் வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றின் கீழேயும் நம்முடைய இலக்கத்தை இட்டார். ஒன்று கோடு. இரண்டும் மூன்றும் நம்முடையவற்றைப் பக்கவாட்டிலே சாய்த்தாற்போல. நான்கு, நம்முடைய மூன்றைக் கண்ணாடியிலே பார்த்தாற்போல. ஐந்து வட்டம். ஆறு, பார்த்தவுடன் ஏழென்றே தோன்றும். ஏழு மேற்புறம் விரிந்த கவை. எட்டு அதே கவையைக் கவிழ்த்து வைத்தது. ஒன்பது ஒன்றுதான் எங்கே கண்டாலும் ஒன்பதாகவே இருந்தது. இந்த வரிசையைக் கண்டபின் 786 ஐ அவர் எழுதச் சொல்லிப் பார்த்தேன்: கவை, கவிழ்ந்த கவை, நம்முடைய ஏழு. முன்பு பல வருஷங்களாக நான் அழைப்பிதழ்த் தலையிலே கோத்துவந்த எண் அதுவென்று என்னால் அடையாளம் காண முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். அரபு வலமிருந்து இடமாக ஓடினாலும் இலக்கத்திலே பெரிய ஸ்தானம் நம்முடையதைப் போலவே இடப்பக்கத்தில் நிற்கும். ஆனால் வாயால் சொல்லும்போது இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்று சிறியதிலிருந்தே சொல்லுவார்கள். ஆகையால் வலமிருந்து வாசித்துக்கொண்டு வருபவருக்கு அது இயல்பாகவே இருக்கும் என்றார். அன்றிரவு முந்நூறையும் மறுபடி அடித்தேன். கடதாசிச் செலவு என்னுடையது. அவர் பாதியைத் தர முனைந்தார், நான் வாங்கவில்லை.

இந்தச் சம்பவத்தின்பின் இலக்க வடிவங்கள் எனக்கு மனப்பாடமாயின; ஆயினும் வேஷத்தின் இயல்பை நான் முற்றாய் உணர்ந்தது அடுத்த வருஷத்து நோன்புக் காலத்திலேதான். ஸஹர் முடிவையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் முப்பது நாளுக்கும் வரிசைப்படுத்திய அட்டவணை ஒன்றை, யாழ்ப்பாணத்து நேரப்படி, அரபு இலக்கத்திலே அமைத்துச் சீடியிலே பதிந்து, வர்ண அச்சுக்காக வேறோர் அச்சகத்துக்கு எடுத்துச் சென்றேன். அவர்கள் கணனியிலே திறந்தபோது என் இலக்கங்கள் யாவும் வேஷத்தைக் கழற்றிவிட்டு 1, 2, 3 என்று நின்றன. நான் ஒன்றையும் மறந்துவிடவில்லை. கோப்பினுள்ளே இருந்தது எப்போதும் 1, 2, 3 தான். என் கணனியின் அமைப்பு அவற்றுக்கு அரபுச் சட்டை போட்டுக் காட்டியது. அந்த அமைப்பு இல்லாத கணனி சட்டையில்லாமல் காட்டியது. சூழலுக்கேற்ப என்னும் தெரிவும் இந்த இனமே: அரபு எழுத்தின் பின்னே வந்தால் அரபு வடிவம், மற்ற இடத்தில் நம்முடைய வடிவம் என்று, ஊரோடு ஒத்து வாழும் இலக்கம் அது.

மௌலவி அதற்கு வருந்தவில்லை. மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா ஆகிய நாடுகளிலே அரபியர் 1, 2, 3 என்றே எழுதுகிறார்கள் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். ஆனால் அடியிலே இட்டிருந்த தொலைபேசி இலக்கத்தைப் பார்த்ததும் நின்றார். யாழ்ப்பாணத்துக்குரிய 021 முன்னே நில்லாமல் கடைசியிலே போய் நின்றது. இடையிலே சிறு கோடிட்டுப் பிரித்த இலக்கத் தொகுதிகளை, அரபுப் பந்தியிலே கணனி தனித்தனிச் சொற்களாகக் கருதி வலமிருந்து அடுக்கிவிடுகிறது. ஒவ்வொரு தொகுதியின் உள்ளேயும் ஒழுங்கு கெடவில்லை, தொகுதிகளின் வரிசை மாத்திரம் கெட்டது. இது வேஷத்தால் வந்த பிழையன்று, என் சொந்தக் கணனியிலேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை. இலக்கத்துக்கு முன்னே, இடமிருந்து வலம் என்று கட்டளையிடுகின்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் புகுத்தினால் தொகுதிகள் நேராகிவிடும். அச்சிலே விழாத எழுத்தொன்றைக் கோப்பது ஈய எழுத்துக்காரனுக்குப் புதிதன்று. சொற்களுக்கிடையே நாங்கள் செருகிய வெற்று ஈயத்துண்டுகளும் கடதாசியிலே தெரிந்ததில்லை.

அதன்பின் நான் வேஷத்தை நம்பவில்லை. யூனிக்கோட்டிலே அரபு இலக்கங்களுக்குச் சொந்தக் குறியெண்கள் உண்டு: 0660 முதல் 0669 வரை. வேர்ட்டிலே 0665 என்று அடித்து ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அமத்தினால் வட்டமாகிய ஐந்து வந்து விழும். குறியெண்ணின் கடைசித் தானமே இலக்கத்தின் மதிப்பு என்பதால் மனத்திலே வைத்திருக்க எளிது. இப்படி அடித்த ஐந்து எந்தக் கணனிக்குப் போனாலும் ஐந்தாகவே, அரபு ஐந்தாகவே இருக்கும். ஆனால் அதே இலக்கத்தைக் கணக்குத் தாளிலே கூட்டவோ, தேடியிலே தேடவோ வேண்டுமானால் தொல்லை. அவ்வகை வேலைக்கு வேஷமே நல்லது. அட்டவணைக்கு ஒன்று, அழைப்பிதழுக்கு ஒன்று என்று நான் பிரித்துக்கொண்டேன். ஈரான், பாக்கிஸ்தான் ஆகிய நாடுகளின் நான்கு, ஐந்து, ஆறு வேறு வடிவத்தன, அவற்றுக்கு வேறு குறியெண்கள் உண்டு என்பதைக் கண்டபோது, அவற்றை எவரும் என்னிடம் கேளாதிருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டேன். இதுவரை கேட்கவில்லை.

அரபுக்கு இவ்வளவு செய்த கணனி தமிழ் இலக்கத்துக்கு என்ன செய்யும் என்று பார்க்கும் ஆசை 2011 இலே எனக்கு உண்டாயிற்று. அப்போதைய விண்டோஸிலே பிரதேச அமைப்பைத் தமிழாக்கி, இலக்க வடிவத்தையும் தமிழாகத் தெரிந்து, நாட்டு இலக்கங்களை எப்போதும் காட்டுக என்று கட்டளையிட்டேன். நோட்பேட்டிலே 2011 என்று அடித்ததும் ௨௦௧௧ என்று தோன்றியது. கண்ணிலே நீர் துளிர்த்தது என்று எழுதினால் அது மிகை. ஆனாலும் சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கோயில் நோட்டீஸ் விஷயமாக வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் திரையைப் பார்த்து, "இது தமிழில்லை, தமிழ்ச் சட்டை போட்ட இங்கிலீசு" என்றார். பழைய முறைப்படி அதை ௨௲௰௧ என்று எழுதவேண்டும். இரண்டு, ஆயிரம், பத்து, ஒன்று. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனி அடையாளம் வைத்திருந்த நம்முடைய கணக்குக்குப் பூச்சியம் வேண்டியிருக்கவில்லை. பின்னாளிலே அச்சுப் புத்தகங்களில் வட்டத்தைச் சேர்த்து எழுதும் வழக்கமும் வந்தது. யூனிக்கோட்டிலே தமிழ்ப் பூச்சியம் இடம்பெற்றதோ 2005 இலேதான்.

வாத்தியார் சொன்னதிலே நியாயம் இருந்தது. கணனி செய்வதெல்லாம் ஓர் இலக்கத்தின் இடத்திலே இன்னோர் இலக்கத்தை வைப்பது. அரபு முறையும் நம் இக்கால முறையும் ஒரே ஸ்தானக் கணக்காகையால், சட்டை அளவாய்ப் பொருந்துகிறது. பழந்தமிழ்க் கணக்குக்கு உடம்பின் அமைப்பே வேறு. முந்திரி, காணி, மா, மாகாணி என்ற பின்ன இலக்கங்கள் 2019 இலே யூனிக்கோட்டிலே தனியிடம் பெற்றன என்று கேள்விப்பட்டேன். அமைப்பை மாற்றி அவற்றை வரவழைக்கும் சரிக்குறி எந்தக் கணனியிலும் இல்லை. வாத்தியார் வந்துபோன மறுநாள் காலை என் அமைப்பை மாற்ற மறந்துபோனமையால், பற்றுச்சீட்டு அடிக்க வந்த பையன் திரையிலே தொகையைக் கண்டு கணனிக்கு வைரஸ் பிடித்துவிட்டதென்று முதலாளியிடம் ஓடினான்.

அண்மையிலே கொக்குவிலிலிருந்து ஓர் அம்மா கைத்தொலைபேசியோடு வீடு தேடி வந்தார். தோஹாவிலே வேலை பார்க்கும் மகன், தான் பாவித்ததை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். மொழியை ஆங்கிலமாக மாற்றியவன் இலக்கத்தை மாற்ற மறந்துவிட்டான்.

"ஐயா, நேரமே விளங்குதில்லை. விடிய எழும்பிப் பார்த்தா ஒரு வட்டமும் ரெண்டு பொட்டும்தான் நிக்குது. பூச்சிய மணியெண்டு ஒரு மணி இருக்கே?"

"அது அஞ்சு மணி, பிள்ளை" என்றேன்.

மொழியும் பிரதேசமும் என்னும் பகுதிக்குள்ளே சென்று இலக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். அரை நிமிஷ வேலை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வட்டம் எப்படி ஐந்தாகும் என்று மறுபடி கேட்டார். நான் கணனி மேசைக்கு மேலே ஆணியிலே தொங்கும் பழைய காட்டை எடுத்து, ஹாஜியாருடைய வரிசையைக் காட்டினேன். நீல மை இப்போது வெளுத்துவிட்டது. கோடும் கவையும் வட்டமும் இன்னும் தெரிகின்றன. பூச்சியத்தின் இடத்திலே இருந்த புள்ளி முற்றாய் மறைந்துபோய், அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, ஈ இட்டுவைத்த புள்ளியொன்று மாத்திரம் கறுப்பாய் நிற்கிறது, அம்மா அதைத்தான் தொட்டு, "இதோ பூச்சியம்?" என்றார்.